கையில காயம், மனசுல வெசனம்: உங்க கேள்விகளுக்கு பதில்

போன இதழுக்கப்பறம் வந்த கடுதாசிலயும் வாட்ஸ்அப்லயும் ஒரே விசயத்த நெறய பேரு கேட்டிருந்தீங்க, தன்னைத்தானே காயப்படுத்திக்கற புள்ளைங்கள பத்தி. அதனால இந்த தடவ மத்த கேள்வியெல்லாம் தள்ளி வெச்சுட்டு இதுக்கே எடம் குடுத்திருக்கேன். பேரு போடல, கடுதாசியையும் சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

அக்கா, எங்களுக்கு கோபி பக்கம் தோட்டங்காடு. என்ற புள்ள பதினொன்னாவது படிக்கறா. பத்தாவதுல நல்ல மார்க்கு, இப்ப எறங்கிருச்சு. மாரியம்மன் நோம்பிக்கு ஒறம்பரையெல்லாம் வந்திருந்தப்ப அந்த வெயில்லயும் முழுக்கை சுடிதாரயே போட்டுட்டு சுத்துனா. தலைக்கு எண்ணெ வெக்க கூப்பிட்டப்ப சுடிதார் கை நழுவுச்சு, பாத்தா பழைய தழும்பும் புது காயமுமா இருக்குது. பூனை பெறாண்டிருச்சுங்கறா, எங்கூட்டுல பூனையே இல்லீங்க. அவங்கப்பா ரெண்டு வெச்சுப்போட்டாரு, போனை புடுங்கியாச்சு, மாமியா கோயிலுக்கு கூட்டிப்போயி கயிறு கட்டி சத்தியமும் வாங்கியாச்சு. மறுபடியும் பண்ணியிருக்கறா. இது சாகறதுக்கு பண்றதுங்களா, எங்கள மெரட்டறதுக்கா? என்ற வளர்ப்புல என்ன கொறை?

மெரட்டறதுக்கு இல்லீங்க. மெரட்டறவ எதுக்கு வேகற வெயில்ல முழுக்கை போட்டு மறைக்கணும், இல்லாத பூனை மேல பழிய போடணும்? சாகறதுக்குன்னும் பெரும்பாலும் இல்ல, ஆனா அத நாமளா முடிவு பண்ணக்கூடாது, அவகிட்டயே கேக்கணும், எப்படி கேக்கறதுன்னு கீழ சொல்றேன். தாங்க முடியாத ஒண்ண அந்த நேரத்துக்கு தாங்கிக்க உங்க புள்ளைக்கு கெடச்ச வழி அது. ஆபத்தான வழிதான், ஆனா அப்ப அவளுக்கு வேற வழி தெரியல.

உள்ள என்ன நடக்குதுன்னு கேளுங்க. வெசனமோ பயமோ அவமானமோ அளவு மீறி ஏறும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், மூச்சு முட்டும், மண்டைக்குள்ள ஒரே எரைச்சலா இருக்கும், எப்படியாச்சும் இது நின்னா போதும்ங்கறது மட்டுந்தான் அப்ப தோணும். சில புள்ளைங்களுக்கு நேர் எதிரா எல்லாமே மரத்துப்போயிரும், அழுகை கூட வராது, நான் உசுரோடதான் இருக்கறனான்னு சந்தேகமா இருக்குதுன்னு சொல்லுவாங்க. இன்னும் சில பேரு தன் மேலயே வெறுப்பு வந்து, நான் மோசமானவ, எனக்கு இது வேணும்னு தனக்கு தானே தண்டனை குடுத்துக்கறாங்க. இதுல எதுவா இருந்தாலும் ஒடம்புல வலி வந்து அது அடங்கும்போது மனசுல இருக்கற பாரமும் கூடவே கொஞ்சம் எறங்குது. ஒடம்பு வலிக்கும் மனசு வலிக்கும் மூளையில வேலை செய்யற பகுதிங்க ஓரளவுக்கு ஒண்ணுதான்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, வலிய கொறைக்க ஒடம்பே சொரக்கற எண்டார்ஃபினுக்கும் இதுல பங்கு இருக்கலாம்ங்கறாங்க. ஆக அவளுக்கு கெடைக்கற நிம்மதி பொய்யில்லீங்க, ஆனா அது நிக்காது. கொஞ்ச நேரத்துல வெக்கமும் குத்த உணர்ச்சியும் வந்து உக்காந்துக்கும், பழைய வெசனம் அப்படியே இருக்கும், மறைக்கறதுக்கு புதுசா ஒரு காயம் வேற. அடுத்த தடவ மனசு தாங்காம போகும்போது மூளை மறுபடி அதே வழியத்தான் காட்டும்.

சத்தியம் ஏன் நிக்கலைன்னு இப்ப புரியுதுங்களா? அவ கையில இருந்த ஒரே வழிய அடைச்சுட்டோம், வேற ஒண்ணும் குடுக்கல. சத்தியத்த மீறிட்டேன்ங்கற பாவமும் இப்ப சேர்ந்துக்கிச்சு, அவங்கப்பா அடிச்ச அடியும் சேர்ந்துக்கிச்சு, பேசறதுக்கு இருந்த தோழிகளும் போனோட போயிட்டாங்க. நல்லதுன்னு நெனச்சு பண்ணதுதான், இருந்தாலும் வெசனத்தோட அளவு கூடித்தான் போச்சு.

உங்க வளர்ப்ப மட்டும் போட்டு நோகாதீங்க. பல நாட்டு ஆய்வுகள ஒண்ணா சேர்த்து 2014-ல ஒரு கணக்கு போட்டாங்க, அதுல வளரிளம் பருவத்து புள்ளைங்க 100 பேர்ல கிட்டத்தட்ட 17 பேரு ஒரு தடவையாச்சும் இப்படி பண்ணியிருக்காங்க. பெரும்பாலும் 12, 13, 14 வயசுல ஆரம்பிக்குது. நல்லா படிக்கறவங்க, சுமாரா படிக்கறவங்க, வசதியானவங்க, இல்லாதவங்கன்னு எல்லா வீட்லயும் இருக்குது. நம்மூர்ல யாரும் வெளிய சொல்றதில்ல, அதனால எங்கூட்டுல மட்டும்தான்னு ஒவ்வொரு தாயும் தனித்தனியா அழுதுட்டு இருக்காங்க.

இப்ப பேசற விசயம். மாமியா, நாத்தனாரு, ஒறம்பரை யாரும் இல்லாத நேரமா பாருங்க. எதுக்க உக்கார வெச்சு விசாரிக்காதீங்க, பக்கத்துல உக்காந்து பூ கட்டும்போதோ வெங்காயம் உரிக்கும்போதோ பேச்செடுங்க. இப்படி சொல்லிப் பாருங்க: “ஏஞ்சாமி, உன்ற கைய பாத்ததுல இருந்து அம்மாளுக்கு தூக்கமே இல்ல. திட்ட மாட்டேன், காட்டுன்னும் கேக்க மாட்டேன். அந்தளவுக்கு உனக்கு என்னமோ வலிச்சிருக்குது, அது மட்டும் எனக்கு தெரியுது. எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு கண்ணு.” அவ்வளவுதான், அப்பறம் வாய மூடிக்கங்க. அவ ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு போனாலும் விடுங்க, ரெண்டு நாளு கழிச்சு இன்னொருக்கா கேளுங்க. சொல்ல ஆரம்பிச்சா “இதுக்கு போயா” “எங்க காலத்துல நாங்க படாத பாடா” இந்த ரெண்டும் வாயில வரவே கூடாது. நமக்கு சின்னதா தெரியறது அந்த வயசுக்கு சின்னது இல்லீங்க.

சாவ பத்தின கேள்வியையும் கேட்டே ஆகணும். “செத்துப் போயிரலாம்னு எப்பவாச்சும் தோணுச்சா சாமி?”ன்னு சுத்தி வளைக்காம கேளுங்க. கேட்டா நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிருமோன்னு எல்லா தாய்மாருக்கும் பயம், ஆனா கேக்கறதால அந்த எண்ணம் வந்துராது, மனசுக்குள்ளயே வெச்சு புழுங்குனவளுக்கு அப்பாடான்னுதான் இருக்கும். ஏன் இத்தன வற்புறுத்தறேன்னா, தன்ன காயப்படுத்திக்கற புள்ளைங்க அப்ப சாக நெனைக்காட்டியும் பின்னால அந்த பக்கம் போற ஆபத்து மத்தவங்கள விட அவங்களுக்கு அதிகம். அவ ஆமான்னு சொன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, தனியா விடாதீங்க. இல்லைன்னு சொன்னாலும் ஒரு வேலை பண்ணுங்க, தோட்டத்து சாளையில பூச்சி மருந்து டப்பா வெச்சிருப்பீங்க, அத பூட்டிப் போட்டு சாவிய நீங்களே வெச்சுக்கங்க, இல்லாட்டி வீட்டு எல்லைக்கே கொண்டு வராதீங்க. அப்பாரோட மாத்திரை டப்பாவும் அப்படித்தான். அந்த கெட்ட நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரந்தாங்க, அப்ப கைக்கு எதுவும் எட்டாம இருந்தாலே உசுரு தப்பறதுக்கு வாய்ப்பு அதிகம்.

காயம் இருந்தா சுத்தமான தண்ணியில கழுவி, சுத்தமான துணிய வெச்சு அழுத்திப் புடிச்சு கட்டு போடுங்க. காப்பித்தூளு, மஞ்சத்தூளு எதையும் அப்பாதீங்க. ஆழமா இருந்தாலோ ரத்தம் நிக்காட்டியோ உடனே ஆஸ்பத்திரிதான், டிடி ஊசியையும் கேட்டுக்கங்க. கட்டு போடும்போது மூஞ்ச சுளிக்காம, கீழ விழுந்து முட்டி ஒடச்சுட்டு வந்தா எப்படி போடுவீங்களோ அப்படி போடுங்க, அந்த அஞ்சு நிமிசத்துல உங்க கை எப்படி நடந்துக்குதுங்கறத அவ பாத்துட்டே இருப்பா.

டாக்டருகிட்ட போறதுக்கு யோசிக்காதீங்க. உங்களுக்கு ஈரோடு ஜிஎச்சும் பெருந்துறை அரசு மெடிக்கல் காலேஜும் பக்கம், மனநலப் பிரிவு எங்கேன்னு சீட்டு போடற எடத்துல கேட்டா சொல்லுவாங்க, காசு செலவு இல்ல. நேர்ல போக தயக்கமா இருந்தா மொதல்ல அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416-க்கு (டெலி மனஸ்) கூப்பிடுங்க, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், அதுவும் இலவசம். இதுக்குன்னே தனியா மாத்திரை ஒண்ணும் கெடையாது, ஆனா அடியில மனச்சோர்வோ பதட்டமோ இருந்தா அதுக்கு மருந்து இருக்குது, பேசி பேசி மனச தேத்தற சிகிச்சையும் இருக்குது. ஒரே நாள்ல சரியாகாதுங்க, நடுவுல மறுபடி பண்ணாலும் எல்லாம் வீணாப்போச்சுன்னு நெனச்சுராதீங்க.

கோயிலுக்கு போறத நிறுத்த சொல்லல, மாமியா மனசுக்கும் அது ஆறுதல்தான், கயிறு இருந்துட்டு போகட்டும், டாக்டரும் இருக்கட்டும். உங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் இந்த பக்கத்த படிக்க குடுங்க. ஏனுங்ணா, பயத்துலதான் அடிச்சுப்போட்டீங்க, எனக்கு புரியுது. ஆனா ஏற்கெனவே வலி தாங்காத புள்ளைக்கு இன்னொரு வலி எப்படிங்ணா மருந்தாகும்? நீங்க போயி பக்கத்துல உக்காந்து “அப்பன் இருக்கறன் அம்மிணி”ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அதுவே சிகிச்சையில பாதி. அந்த மார்க்கு விசயத்தையும் நீங்க ரெண்டு பேருந்தான் பேசி முடிக்கோணும். எந்த குரூப் வேணும்னு அவகிட்ட யாராச்சும் கேட்டீங்களா? பத்தாவதுல மார்க்கு வந்தா பயாலஜி, அப்பறம் நீட்டுன்னு கண்ண மூடிட்டு சேர்த்து விட்டர்றது நம்ம பக்கத்துல ரொம்ப சாதாரணம். மார்க்குதான் காரணம்னு நான் முடிவா சொல்லல, வேற எதாச்சும் கூட இருக்கலாம், யாராச்சும் தொந்தரவு பண்றாங்களான்னும் மெதுவா கேளுங்க. ஆனா குரூப் மாத்த முடியுமான்னு ஸ்கூல்ல ஒருக்கா கேட்டுப் பாருங்க.

அக்கா, நான் பையன். வயசு 19, கோயமுத்தூர்ல காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கேன். கோவமோ அவமானமோ வந்தா செவத்துல கைய குத்திக்குவேன், என்னையே அடிச்சுக்குவேன். கை வீங்கி கிடக்கும், கிரிக்கெட்ல அடிபட்டுச்சுன்னு சொல்லிக்குவேன். இது பொண்ணுங்க பிரச்சனைன்னு ஃபிரண்டு சிரிக்கறான். டாக்டர பாத்தா வீட்டுக்கு தெரிஞ்சிருமா?

தம்பி, எழுதுனதுக்கு நன்றி, பசங்க இத எழுதறதே அபூர்வம். இது பொண்ணுங்க பிரச்சனை மட்டும் இல்லப்பா. செவத்துல குத்தறதையும் தன்னையே அடிச்சுக்கறதையும் ஆம்பளைப் பசங்க பண்ணா கோவக்காரன்னு சொல்லிட்டு போயிர்றாங்க, உள்ள இருக்கறது அதே வெசனந்தான்னு யாரும் பாக்கறதில்ல. அழுதா பொட்டப்புள்ளையாட்டன்னு சொல்லி சொல்லியே வளர்த்துட்டு, அந்த அழுகை எங்க போகும்?

உனக்கு 18 முடிஞ்சிருச்சு, அதனால டாக்டர்கிட்ட சொல்றத உன்ற சம்மதம் இல்லாம வீட்ல சொல்ல மாட்டாங்க. 2017-ல வந்த மனநல பராமரிப்பு சட்டம் அந்த ரகசிய உரிமைய உனக்கு குடுத்திருக்குது. உசுருக்கு ஆபத்து மாதிரி சில நெலமையில மட்டும், எவ்வளவு சொல்லணுமோ அவ்வளவு சொல்லலாம். கோவை ஜிஎச்லயே மனநலப் பிரிவு இருக்குது, காலேஜ்ல கவுன்சிலர் இருந்தாலும் போய் பாரு. அந்த வீங்குன கைய எலும்பு டாக்டர்கிட்டயும் ஒருக்கா காட்டிரு, குத்தி குத்தி எலும்பு விரிசல் விட்டிருந்தா வெளிய தெரியாது.

டாக்டர பாக்கற வரைக்கும் உனக்கு ஒண்ணு சொல்றேன், குறிச்சு வெச்சுக்க. அந்த வேகம் ஏறும், உச்சிக்கு போகும், நீ ஒண்ணும் பண்ணாட்டியும் எறங்கும். பெரும்பாலும் கொஞ்ச நேரம் தாக்கு புடிச்சா போதும். ரூம விட்டு வெளிய வந்துரு, தனியா இருக்காத. ஐஸ் மாதிரி குளுந்த தண்ணிய மூஞ்சில நல்லா அடிச்சு கழுவு, நெஞ்சு படபடப்பு எறங்கும். இல்ல ஹாஸ்டல் படிய நாலு தடவ ஏறி எறங்கு, கிரவுண்ட சுத்தி வேகமா நட. மூச்ச உள்ள இழுக்கறத விட வெளிய விடறது நீளமா இருக்கற மாதிரி மெதுவா விடு. யாருக்காச்சும் போன் போடு, என்ன ஆச்சுன்னு சொல்லணும்னு கூட இல்ல, “டேய் டீ குடிக்க வாடா”ன்னு கூப்பிட்டா கூட போதும். எல்லாம் அடங்குனப்பறம், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதி வெய்யி. ஒரு மாசம் எழுதுனா உனக்கே புடிபடும், எந்த ஆளு, எந்த பேச்சு, எந்த நேரம்னு. டாக்டருக்கும் அது ரொம்ப உதவும்.

நான் சொன்னதுல குளுந்த தண்ணி, வேகமா நடக்கறது, மூச்ச மெதுவா விடறது எல்லாம் டிபிடின்னு (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) ஒரு பேச்சு சிகிச்சையில சொல்லித் தர்றதுப்பா. அத உருவாக்குனவங்க அமெரிக்காவுல மார்ஷா லினஹன்னு ஒரு உளவியல் பேராசிரியர். அவங்களே 17 வயசுல தன்ன கடுமையா காயப்படுத்திட்டு 1961-ல மனநல ஆஸ்பத்திரில சேர்ந்தவங்க. ரொம்ப வருசம் வெளிய சொல்லாம இருந்து 2011-லதான் ஊரறிய சொன்னாங்க. தான் மாட்டிக்கிட்ட எடத்துல இருந்து வெளிய வந்து, அப்பறம் மத்தவங்களுக்கு வழி பண்ணி குடுத்திருக்காங்க. சிரிச்ச ஃபிரண்டுகிட்ட இத சொல்லு. இல்ல அவன விடு, வேற ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட சொல்லு.

பண்ணாரியில குண்டம் எறங்கறாங்க, நோம்பிக்கு அலகு குத்திக்கறாங்க. அதுவும் ஒடம்ப வருத்திக்கறதுதானே? அத சாமின்னு கும்புடறோம், இத மட்டும் ஏன் நோயின்னு சொல்றீங்க? - சத்தியமங்கலத்துல இருந்து ஒரு பெரியவரு

நல்ல கேள்விங்கய்யா. வெளிநாட்டு மனநல டாக்டருங்க 2013-ல வெளியிட்ட நோய்க் கையேட்டுலயே மதச் சடங்குக்காக பண்றது இதுல சேராதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. காரணம் நமக்கே தெரிஞ்சதுதானுங்க. குண்டம் எறங்கறவரு வெரதம் இருந்து, ஊரே கூடி நிக்க, வேண்டுதல் நெறவேறுன சந்தோசத்துல எறங்கறாரு, எறங்குனதும் சொந்தபந்தம் வந்து கட்டிப் புடிச்சுக்கும், அவருக்கு அது பெருமை. இந்த புள்ளைங்க கதவ சாத்திட்டு, யாருக்கும் தெரியாம, தன்ன வெறுத்துட்டு பண்ணுதுங்க, பண்ணி முடிச்சு இன்னும் தனியா போகுதுங்க. நோயின்னு நான் சொல்லலீங்கய்யா, வெசனத்தோட அடையாளம்னுதான் சொல்றேன்.

பேரனுக்கு ரெண்டு வயசு. கேட்டது குடுக்காட்டி தலைய தரையில முட்டறான். இதுவும் அதுதானா?

இல்லீங்கம்மா, அது வேற. இந்த வயசுல நெறய கொழந்தைங்க அப்படி முட்டும், பேச்சு நல்லா வந்தப்பறம் பெரும்பாலும் தானா நின்னுரும். அடிபடாம பாத்துக்கங்க, முட்டறதுக்காக உடனே கேட்டத எடுத்து குடுக்காதீங்க. பேச்சு வரல, கூப்பிட்டா திரும்பி பாக்கல, முட்டறது கூடிட்டே போகுதுன்னா கொழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க.

பல்லடம் பக்கம் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். ஒம்பதாவது படிக்கற ஒரு புள்ள கையில காயத்த பாத்தேன். “மிஸ், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க”ங்கறா. அப்பா அம்மா ரெண்டு பேரும் பனியன் கம்பெனி, ராத்திரிதான் வருவாங்க. அவ ஃபிரண்ட்ஸ் ரெண்டு பேரும் இப்ப அதே மாதிரி பண்றாங்க போல. பிரேயர்ல இத பத்தி பேசலாமா?

பிரேயர்ல பேச வேண்டாம் டீச்சர். எல்லார் முன்னாடியும் கைய தூக்கி காட்ட சொல்றதும் வேண்டாம். இந்த வயசுல ஒருத்தர பாத்து ஒருத்தர் பண்றது உண்மைதான், அதனாலயே எப்படி பண்றாங்கன்னு விலாவாரியா பேசறது ஆபத்து. அந்த மூணு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு பேசுங்க. “பாத்து பண்ணுதுங்க, சும்மா”ன்னு அந்த ரெண்டு பேர விட்டுராதீங்க, பாத்து பண்ணவளுக்கும் உள்ள ஏதோ இருந்ததாலதான் அத புடிச்சுக்கிட்டா.

சத்தியம் பண்ணாதீங்க. “உன்ன பத்தி ஊரெல்லாம் சொல்ல மாட்டேன் கண்ணு, ஆனா உன்ன காப்பாத்தறதுக்கு யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், அதுவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்”னு சொல்லுங்க. மொதல்ல மொகம் சுருங்குவா, ஆனா பொய் சொல்லி ஏமாத்துனீங்கன்னா அப்பறம் எந்த பெரியவங்களையும் நம்ப மாட்டா. அப்பா அம்மாவ ஞாயித்துக்கிழமை வரச்சொல்லி, உங்க புள்ள தப்பு பண்ணிட்டான்னு ஆரம்பிக்காம, உங்க புள்ள ரொம்ப கஷ்டத்துல இருக்கறான்னு ஆரம்பிங்க. ஷிப்டு முடிஞ்சு வந்து விழுந்து தூங்கற சனங்க அவங்க, அவங்களுக்கும் மொதல்ல ஒரு டீய வாங்கி குடுத்து உக்கார வெய்யுங்க.

முக்கியமா ஒண்ணு. பேசும்போது யாராச்சும் தப்பா தொட்டாங்கன்னோ தொந்தரவு பண்றாங்கன்னோ அவ சொன்னா, அது வீட்டு ஆளாவே இருந்தாலும், அப்ப பெத்தவங்கள கூப்பிடறதுக்கு முன்னாடி கொழந்தைங்க உதவி நம்பர் 1098-க்கு போன் பண்ணுங்க. கொழந்தைங்கள பாலியல் கொடுமையில இருந்து காப்பாத்தற 2012 போக்சோ சட்டப்படி அத போலீஸுக்கோ சிறார் போலீஸ் பிரிவுக்கோ சொல்றது உங்க கடமை, சொல்லாம விடறதுதான் குத்தம். எச்எம்கிட்டயும் சொல்லி வெச்சுக்கங்க. அப்படி எதுவும் இல்லாட்டி 14416 நம்பர எழுதி குடுத்து, திருப்பூர் ஜிஎச்சுக்கு மொத தடவ போகும்போது முடிஞ்சா நீங்களும் கூட போயிட்டு வாங்க.